புகை போட்டுப் பூக்க வைத்தவர்

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் மகேந்திரராஜாவைப் பற்றி விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கால்மிதியைக் கொளுத்திய கதை, சனிக்கிழமை காலையில் தீயணைப்பு வண்டி வந்து நின்ற கதை, பேரன் காணும் வயதில் அவர் பூச்சட்டியும் கையுமாகப் பெண் கேட்கப் போன கதை. இவற்றில் பாதி உண்மை. மற்றப் பாதி அவருடைய சிநேகிதர் யோகேஸ்வரன் ஒட்டவைத்தது. இருவரும் டண்டினோங்கில் ஒரே குளிர்க் களஞ்சியத்தில் வேலை செய்தவர்கள். தேநீர் இடைவேளைக்கு ஒரு கதை தேவைப்பட்டால் யோகேஸ்வரன் சொந்த மாமனாரைக்கூட விட்டுவைக்க மாட்டார். ஆகவே நடந்ததை நடந்தபடி ஒருவர் சொல்லிவைப்பது நல்லது.

மகேந்திரராஜா கோண்டாவிலில் பிறந்தவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தார். மனைவி இளவயதிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். எண்பத்துநாலில், தம்பி கூப்பிட்ட கூப்பாட்டுக்கு, ஒரே மகள் கமலினியைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்ன் வந்து சேர்ந்தார். கமலினி படித்து முடித்து, கலியாணமும் கட்டி, சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் குடியேறிவிட்டாள். இவர் ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சின்ன யூனிட் வீட்டில் தனியாள்.

வேலை நேரம் முழுவதும் உறைந்த பட்டாணிக்கும் மீன் பெட்டிக்கும் நடுவில் நிற்க வேண்டும். வெளியே வந்தால் மெல்பேர்ன் குளிர். வீட்டுக்கு வந்தால் கேஸ் ஹீட்டர் நினைத்த நாளில்தான் எரியும். குளிர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட மனிதர் நடுக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் பூ வளர்க்கப் போனார் என்றால், காரணம் பூ அல்ல.

காரணம் அடுத்த யூனிட்டில் இருந்தது. பெயர் மார்கரெட். மலேசியாவில் ஈப்போ ஊர்த் தமிழ்க்காரி. தாதிப் படிப்புக்கென்று சின்ன வயதில் வந்து, படித்த ஊரிலேயே தங்கிவிட்டவள். பிரசவ வார்டில் பொறுப்பு நர்ஸ். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், நல்ல ஆண்களை எல்லாம் பிறந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன், வளர்ந்த பிறகு ஒருவரும் அப்படி இல்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அவர் குடிவந்த முதல் வருடம், யூலை மாதத்தில் ஒரு மாலை. வேலை முடிந்து விறைத்துப்போய்ப் படியேறி வந்தவருக்கு மூக்கைத் துளைக்கும் வாசனை. அடுத்த வீட்டில் சென்ட் போத்தல் உடைந்துவிட்டது போலும் என்று நினைத்து, அயலவர் என்ற கடமைக்குக் கதவைத் தட்டினார். மார்கரெட் அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சன்னலைக் காட்டினாள். வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கிழங்கு உட்கார்ந்திருந்தது. வேர்கள் தண்ணீருக்குள் தொங்க, மேலே ஊதாவும் வெள்ளையுமாய் ஹையசிந்த் பூங்கொத்துகள். வெளியே மழை அடித்துக்கொண்டிருக்க, உள்ளே வசந்தகாலம் நடந்துகொண்டிருந்தது.

இது எப்படி என்று கேட்டார். வசந்தத்தில் பூக்கிற கிழங்கு இது, குளிர்காலம் வந்து போன பிறகுதான் பூக்கும் என்று அவள் விளக்கினாள். அதை இலையுதிர் காலத்திலேயே சில வாரம் ஃபிரிஜ்ஜில் போட்டுவிட்டால் குளிர்காலம் அதுதான் என்று நம்பிவிடும். பிறகு எடுத்து இருட்டில் வேர்விட வைத்து, மெல்லமெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் வசந்தம் வந்துவிட்டதென்று பூத்துத் தொலைக்கும்.

"மொத்தத்துல ஏமாத்தணும் மிஸ்டர் ராஜா. அதுவும் அன்பா ஏமாத்தணும்," என்றாள்.

அந்த வாசனையும் அந்தச் சூடான அறையும் அந்தப் பேச்சும் சேர்ந்து மனிதரைக் கவிழ்த்துவிட்டன. சுற்றிவளைக்காமல் சொன்னால், காதல். அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் மறுநாள் தொடக்கம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவளிடம் பேசினார்.

அடுத்த வருடம் மார்கரெட் அவருக்கும் சில ஹையசிந்த் கிழங்குகள் கொடுத்தாள். குளிரான இடத்தில் வைக்கும்படி சொன்னாள். குளிர் விஷயத்தில் எனக்கு வகுப்பெடுப்பதா என்று மகேந்திரராஜாவுக்கு வீம்பு. வீட்டு ஃபிரிஜ் என்ன பெரிய குளிர்? கிழங்குகளை மத்தியானச் சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய், பட்டாணிப் பெட்டிகள் அடுக்கிய உறைகளஞ்சியத்தின் மூலையில் ஒளித்துவைத்தார். சில வாரம் கழித்து எடுத்தபோது கிழங்குகள் கூழாங்கல் மாதிரி டக்கு டக்கென்று சத்தம் போட்டன. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இளகி, பைக்குள் கூழாகி, ரயிலில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

மார்கரெட் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் முகம் தொங்கிப் போயிற்று. ஆனாலும் இந்தச் சிரிப்புக்கு இன்னும் சில கிழங்குகளை அழுக வைக்கலாமே என்றும் உள்ளூர ஓர் எண்ணம் ஓடியது.

இப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. அவர் மீன் கட்லட் பொரித்துக் கொண்டுபோவார். அவள் இஞ்சி போட்ட தேநீர் தருவாள். அவர் ஊர்க் கதை சொல்வார். அவள் வார்டில் அன்றைக்குப் பிறந்த பிள்ளைகளின் மூக்கையும் காதையும் வர்ணிப்பாள். கமலினி ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுத்து, மார்கரெட் அன்ரி சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா சுகமா என்று கேட்பாள். யோகேஸ்வரன் களஞ்சியத்தில் இதைக் கண்ணும் காதும் வைத்து ஒலிபரப்பினார். கோயிலுக்குப் போகிற இடத்தில் சிலர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரியாம், மலேசியாவாம், இந்த வயதிலாம் என்று இழுத்தார்கள். மகேந்திரராஜாவுக்கு அது ஒரு பக்கக் காதால் நுழைந்து மறு பக்கத்தால் போயிற்று. ஒன்றும் நடக்காத விஷயத்துக்கு ஊர் வாயை ஏன் பொத்த வேண்டும்?

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, தை மாத வெயிலில், மார்கரெட் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே அந்தச் செய்தியைச் சொன்னாள். பெர்த்தில் இருக்கும் தங்கை வரச்சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறாள். இந்தக் குளிர்காலம் முடிந்ததும் வேலையை விட்டு, யூனிட்டை விற்றுவிட்டு, அங்கேயே போய்விட யோசனை.

மகேந்திரராஜா நல்ல யோசனை என்றார். பெர்த்தில் குளிர் குறைவு என்றார். கடற்கரை அழகு என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தன் வாயைத் தானே திட்டினார்.

அந்த ஞாயிறு கமலினியிடம் செய்தியைச் சொன்னபோது, அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "அப்பா, ஜஸ்ட் ஆஸ்க் ஹேர்." கேட்பது என்ன, கடையில் கறிவேப்பிலை கேட்பதா என்று இவர் எரிந்து விழுந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிறகு அந்தத் தேநீரும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை. கேட்காமல் விட்டால் ஆடி ஆவணி வரைக்குமாவது அவை இருக்கும். இந்தக் கணக்கில் மகேந்திரராஜா பெரிய கெட்டிக்காரர்.

மார்ச் மாதம் நேர்சரியில் கிழங்குகள் வந்திறங்கின. மார்கரெட் வாங்கப் போனாள், பை தூக்க இவரும் கூடப் போனார். அங்கே வேலை செய்யும் கெவின், இந்த முறை ஜோன்குவில் கிழங்கு நன்றாக வந்திருக்கிறது, இதை ஃபிரிஜ்ஜில் வைக்கவே தேவையில்லை என்று ஒரு கூடையைக் காட்டினான். கொத்துக்கொத்தாய் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூத்து, வீடே மணக்கும் சாதி. ஃபிரிஜ் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும் மகேந்திரராஜாவின் வாய் கட்டுப்பாட்டை இழந்தது. இது என்றால் நான் உங்களையே முந்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

மார்கரெட் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். கெவினைச் சாட்சியாக வைத்து அங்கேயே போட்டி முடிவாயிற்று. ஒரே கூடையிலிருந்து ஆளுக்குச் சில கிழங்குகள். நடுவது ஏப்ரல் கடைசியில் வரும் அன்சாக் நாள் விடுமுறையில். அதுவரை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். யார் வீட்டுக்குள் முதலில் பூ விரிகிறதோ அவர் வென்றவர். என்ன பந்தயம் என்று கெவின் கேட்டான்.

"ஜெயிச்சவங்க ஒண்ணு கேக்கலாம். தோத்தவங்க முடியாதுன்னு சொல்லக்கூடாது," என்றாள் மார்கரெட்.

மகேந்திரராஜா அதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். முடியாது என்று சொல்லக்கூடாது. இதைவிட நல்ல சட்டத்தை எந்தப் பாராளுமன்றமும் இயற்றியதில்லை. வென்றுவிட்டால், போகாதே என்று கேட்டுவிடலாம். அவளால் மறுக்க முடியாது. ஆகவே, எப்படியாவது வென்றுவிட வேண்டும். நேர்மையாக வெல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும், கிழங்குகளுக்கும் தெரியும்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மார்கரெட் ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றாள். வார்டில் யாரோ தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததாம். மேசையில் வைத்தால் ஈ மொய்க்கும், உங்கள் கிழங்குப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடுங்கள், இரண்டுக்கும் ஒரே பதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மகேந்திரராஜாவுக்கு மேல்பல் எல்லாம் கட்டுப்பல். ஆப்பிளைக் கடித்தால் பல் அதிலேயே தங்கிவிடும். ஆனால் அவள் கொடுத்ததை எப்படி எறிவது? சொன்னபடியே வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள், கிழங்குப் பெட்டியில் வைத்து மூடினார். வாரந்தோறும் புதிதாக ஆப்பிள் வந்தது. எதிரி என்று பாராமல் பழம் கொண்டுவந்து தருகிறாளே என்று மனிதர் உருகிப்போனார். தான் செய்யப்போகும் களவை நினைத்துக் கொஞ்சம் வெட்கமும் பட்டார்.

களவு என்னவென்றால், புகை. கோண்டாவிலில் அவருடைய பெரியப்பா வாழைக்குலை வியாபாரி. காய்க் குலைகளைக் கிடங்கில் அடுக்கி, மூடி, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையை ஊதிவிட்டால் கல்லு மாதிரி இருந்த காய் மஞ்சளாகி நிற்கும். காய்க்குப் புகை போட்டால் அவசரப்பட்டுப் பழுக்கிறது, அப்படியென்றால் கிழங்குக்குப் புகை போட்டால் அவசரப்பட்டுப் பூக்க வேண்டியதுதானே? தாவரவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். மகேந்திரராஜா தாவரவியல் படித்ததில்லை.

பொச்சுமட்டைக்கு ஸ்பிரிங்வேலில் எங்கே போவது? தேங்காய் எல்லாம் உரித்துத்தான் வருகிறது. வாசலில் கிடந்த தேங்காய்த் தும்புக் கால்மிதியில் அவர் கண் விழுந்தது. ஒரு மூலையை வெட்டி, பழைய தகர வாளியில் போட்டுக் கொளுத்தி, நெருப்பை அணைத்து, புகையை மட்டும் பிடித்துக் குப்பைத் தொட்டிக்குள் விட்டு, மேலே கம்பி வலையில் கிழங்குகளைப் பரப்பி மூடினார். உடுப்புத் தோய்க்கும் அறையில், சனிக்கிழமைகளில், பின்சன்னலை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு இந்த வேள்வி நடந்தது. வாரம் போகப்போகக் கால்மிதி சிறுத்துக்கொண்டே வந்தது.

கடைசிச் சனிக்கிழமை கால்மிதியின் ரப்பர் விளிம்பும் சேர்ந்து எரிந்துவிட்டது. கறுப்புப் புகை சன்னலால் புரண்டது. எதிர் யூனிட்டில் யாரோ ரெலிபோனைத் தூக்கிவிட்டார்கள். சிறிது நேரத்தில் சிவப்பு வண்டி வாசலில். தலைக்கவசம் போட்ட இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள் உள்ளே வந்து பார்த்தால், கம்பளித் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்த ஒரு மனிதர் குப்பைத் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். உள்ளே என்ன என்று கேட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் முழுதும் மறந்துபோயிற்று. அவர்களுக்குப் பின்னால் மார்கரெட்டின் முகம் வேறு தெரிந்தது.

அவள்தான் காப்பாற்றினாள். ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவள், ஒரு நொடிகூடத் தயங்காமல், இது இந்துக்களுடைய பூசை, இன்றைக்கு விசேஷமான நாள், சாம்பிராணி கொஞ்சம் கூடிவிட்டது, அவர் எழுந்தால் விரதம் முறிந்துவிடும் என்று சரளமாக அடித்துவிட்டாள். அந்த ஆட்கள் மரியாதையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். ரப்பர் எரிவது என்ன மதம் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது. எச்சரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு, என்ன வேண்டுதல் என்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பலித்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்றார் அவர், தொட்டியை விட்டு எழும்பாமலே. அவள் தலையை ஆட்டிவிட்டு, புதிதாகக் கொண்டுவந்த ஆப்பிள்களை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்சாக் நாளில் இருவரும் ஒரே மேசையில் ஒரே மாதிரிச் சட்டிகளில் நட்டார்கள். அவருடைய கிழங்குகளை அவள் மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். ஆளுக்கொரு அலுமாரிக்குள் சட்டியை இருட்டில் பூட்டினார்கள். முளை கண்டதும் சன்னலுக்குக் கொண்டுவருவதென்று ஏற்பாடு.

மே மாதத்தில், உரம் வாங்கலாம் என்று மகேந்திரராஜா நேர்சரிக்குப் போனார். பேச்சுவாக்கில், கிழங்கையும் ஆப்பிளையும் ஒரே பெட்டியில் வைத்துப் பத்திரமாகப் பார்த்தேன் என்று கெவினிடம் பெருமையடித்தார். கெவின் நெற்றியில் அடித்துக்கொண்டான். பழுத்த ஆப்பிள் விடுகிற மூச்சு பூக்கிழங்குக்கு நஞ்சு, உள்ளே இருக்கும் மொட்டு அப்படியே கருகிவிடும், இலை மட்டும்தான் வரும். இதைத் தெரியாதவர் யாராவது இருக்கிறார்களா? உங்கள் மார்கரெட்தானே போன வருடம் ஒரு ஃபிரிஜ் நிறையத் துலிப் கிழங்கை ஆப்பிளால் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து அழுதாள் என்றான்.

மகேந்திரராஜா ஸ்டேஷன் வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். ரயில்கள் வந்தன, போயின. அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாரந்தோறும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தன் களவு கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். அவள் களவு செய்ததை அவரால் சிரித்துத் தள்ள முடியவில்லை. இவ்வளவு பாடுபட்டுத் தன்னைத் தோற்கடிக்க அவளுக்கு என்ன அவசரம்? ஒரே பதில்தான் வந்தது. இவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கேட்கவிடாமல் தடுக்கத்தான் இந்த வேலை. அவளுக்குப் போக வேண்டும். வாங்கில் இருந்தபடியே அவருக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு கட்லட் பொரிப்பதை நிறுத்திவிட்டார். மாலையில் வேலை கூடிவிட்டது என்றார். மார்கரெட் ஒருநாள் வாசலில் மறித்து, சட்டியில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டாள். இலை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் வெற்றி இல்லை. ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கிக்கொண்டு, அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கும் இவர் தன் பாட்டில் ஒரு துக்கமான அர்த்தம் கற்பித்துக்கொண்டார்.

யூன் மாதம் இராணியின் பிறந்தநாள் விடுமுறை. திங்கட்கிழமை காலையில் தேநீர் போடக் குசினிக்குள் வந்தவருக்குப் பழக்கப்பட்ட ஒரு வாசனை வந்தது. சரி, அவள் வீட்டில் பூத்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். தோற்றவன் போய்ச் சொல்லத்தானே வேண்டும். கதவைத் திறந்து வெளியே போனார். வெளியே வாசனை இல்லை. மழை மணம் மட்டும்தான். உள்ளே வந்தார், வாசனை. மெல்லத் திரும்பிச் சன்னலைப் பார்த்தார்.

இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு நிமிர்ந்து நின்றது. அதன் உச்சியில் மெல்லிய தோல் கிழிந்து, நாலைந்து குட்டிப் பூக்கள் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தண்டும் வெடிக்கத் தயாராக நின்றது. பிறகு ஒருநாள் கெவின் தன் தடித்த புத்தகத்தைப் புரட்டி இதற்குக் காரணம் சொன்னான். துலிப்பையும் ஹையசிந்தையும் கெடுக்கிற பழத்தின் மூச்சு, ஜோன்குவிலை மட்டும் தட்டி எழுப்பிவிடுமாம். புகையிலும் அதே சரக்குத்தானாம். எங்கோ ஒரு தீவில் பூ வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே வைக்கோலைக் கொளுத்தி இதற்குப் புகை காட்டுவார்களாம். ஆக, அவர் சனிக்கிழமைகளில் போட்ட புகையையும் அவள் வாரநாட்களில் கொடுத்த ஆப்பிளையும் அந்தக் கிழங்குகள் சேர்த்துக் குடித்துக் கொழுத்திருந்தன.

அன்றைக்கு அவருக்கு இது ஒன்றும் தெரியாது. சட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டியிருந்த சாரமும் கம்பளித் தொப்பியுமாகப் போய் அடுத்த கதவைத் தட்டினார்.

மார்கரெட் கதவைத் திறந்தாள். முதலில் பூவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள். இது நடக்கவே கூடாத காரியம் என்று அவள் முகமே சொல்லிற்று. சட்டியைத் தன் மேசையில் வைக்கவைத்து, மண்ணைக் கிளறி, தண்டைத் தொட்டுப் பார்த்தாள், கடையில் வாங்கிச் செருகியதோ என்று.

ஆப்பிள் விஷயம் தனக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். மார்கரெட்டின் காது மடல்கள் சிவந்தன. ஆமாம், செய்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டாள். அதற்குப் பதிலாக அவரும் கால்மிதி, குப்பைத் தொட்டி, புகை எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அப்படியானால் நான் சேர்ச்சுக்குப் போகிற வாயால் ஃபயர் பிரிகேட்காரனிடம் சொன்ன பொய் வாழைப்பழப் புகைக்கா என்று அவள் கேட்டாள். ஓம் என்றார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். முதலில் சிரித்தவள் அவள்தான். கதவு நிலை தூரத்தில் இருந்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏமாற்றினாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான், கேளுங்கள் என்றாள்.

மகேந்திரராஜா எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த வசனம் தொண்டையில் இருந்தது. போகாதேங்கோ. ஒரே ஒரு சொல். அவள் மறுக்க முடியாது. ஆனால் மறுக்க முடியாதவளிடம் அதைக் கேட்டு வாங்குவது பறித்தெடுப்பது மாதிரி இருக்குமே என்று அந்த நேரம் பார்த்து அவருக்கு உறைத்தது. ஏமாற்றி வென்ற மனிதருக்கு, கேட்கிற இடத்தில் நேர்மை வந்து குறுக்கே நின்றது. வாய் வேறு எதையோ பிடித்துக்கொண்டது.

"அடுத்த வருசமும் ஒரு போட்டி வைக்கோணும்," என்றார்.

"அடுத்த வருஷம் நான் பெர்த்துல இருப்பேன். மறந்துட்டீங்களா?"

"மறக்கேல்லை. அதுக்காகத்தான் கேக்கிறன்."

மார்கரெட் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். வார்டில் டொக்டர்களையே விரட்டுகிறவள், மேசையில் சிந்திய மண்ணை விரலால் ஒதுக்கிக் கூட்டினாள். அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். வந்த வேலை கெட்டுவிட்டது, இந்த வயதில் இது தேவையா என்று தன்னையே திட்டத் தொடங்கியிருந்தார்.

"நான் ஜெயிச்சிருந்தா நேராவே கேட்டிருப்பேன். இப்படிச் சுத்தி வளைச்சிருக்க மாட்டேன்," என்றாள் அவள்.

"என்னத்தை?"

"ஒருத்தர் வீட்டை மட்டும் வித்தாப் போதுமான்னு."

மகேந்திரராஜாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவரும் உட்கார இடம் தேடினார். அந்த ஆப்பிள்கள், அந்த வாரங்கள், ஸ்டேஷன் வாங்கில் அவர் கொட்டிய கண்ணீர் எல்லாம் தலைகீழாய்ப் புரண்டன. அவள் தன்னைத் தோற்கடிக்கப் பாடுபட்டது விரட்ட அல்ல. இந்த மனிதர் தன் வாயால் ஒருநாளும் கேட்க மாட்டார் என்று தெரிந்து, நீங்களும் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வாருங்கள் என்று தானே கேட்க. அவருக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை ஆள் பார்க்க.

மார்கரெட் அவர் அழட்டும் என்று விட்டுவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பும்போது முகத்தில் ஒரு கவலை.

"ஒரே வீட்டுக்குள்ள இருந்துகிட்டுப் போட்டி எப்படிலா வைக்கிறது? ஏமாத்தினா தெரிஞ்சு போயிடுமே."

மகேந்திரராஜா தொப்பியின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"நீங்கள் ஏமாத்துங்கோ," என்றார். "நான் தெரியாதமாதிரி இருக்கிறன்."